பேச்சுச் சிகிச்சையின் காப்பீட்டுக் குறியீடுகள் குறித்து அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

குழந்தைக்குப் பேச்சுச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, அதன் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பது ஒரு படிவத்தில் நிரப்பப்படும் சில எண்களைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிறது. அந்த எண்களைப் படிக்கத் தெரியாத காரணத்தால் நம் குடும்பங்கள் கட்ட வேண்டாத தொகையைக் கட்டுகின்றன; செய்யக்கூடிய மேல்முறையீட்டைச் செய்யாமல் காலக்கெடுவைத் தவறவிடுகின்றன; சில வீடுகளில் சிகிச்சையே பாதியில் நின்றுபோகிறது. இதைச் சரிசெய்வதில் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்புவதால் இம்மடலை எழுதுகிறேன்.

நான் மருத்துவரோ வழக்குரைஞரோ அல்லேன். சென்னையில் இரவுப் பணியில் ஏ.ஆர். காலராக, அதாவது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரு க்ளெய்ம் (சிகிச்சைச் செலவைக் கேட்கும் கோரிக்கை) ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்டுக் குறித்துவைக்கும் ஊழியராக வேலையைத் தொடங்கினேன். இப்போது நியூ ஜெர்சியில் குழந்தைகளுக்கான தெரபி நிலையம் ஒன்றில் பில்லிங் பார்க்கிறேன். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நுண்ணுயிரியலோ நர்சிங்கோ படித்துவிட்டு சிகிச்சையையும் நோயையும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்குக்கு வந்த இளைஞர்கள் இந்தக் குறியீடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுடைய அக்காவும் அண்ணனும் எடிசனிலோ டாலஸிலோ அதே குறியீடு அச்சிட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறியாமல் இருக்கிறார்கள். இவ்வளவு அறிவு ஒரே சமூகத்துக்குள் இருந்தும் அது தேவைப்படும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

தெரபி அமர்வு ஒன்று முடிந்ததும் நிலையம் அனுப்பும் க்ளெய்மில் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: என்ன செய்யப்பட்டது, எதற்காகச் செய்யப்பட்டது. முதல் கேள்விக்கான விடை ஐந்து இலக்க சி.பி.டி. எண். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்டு, இன்றும் தன் பதிப்புரிமையில் வைத்திருக்கும் தொகுப்பு அது. ஆகவே அதை முழுமையாகப் பார்க்க விரும்புபவர் விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது இந்நாட்டின் விந்தைகளில் ஒன்று. நல்ல வேளையாகப் பேச்சுச் சிகிச்சைக்கு வருகிற குடும்பம் அறிய வேண்டிய எண்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடும். தனியொருவருக்குத் தரப்படும் பேச்சு, மொழி, குரல் சிகிச்சைக்கு 92507. குழுவாகத் தரப்பட்டால் 92508. சிகிச்சைக்கு முன் நடக்கும் மதிப்பீட்டுக்கு 2013 வரை 92506 என்ற ஒரே எண் இருந்தது. 2014 ஜனவரி முதல் அதை நீக்கி நான்காகப் பிரித்தார்கள். திக்குவாய் போன்ற பேச்சோட்டச் சிக்கலை ஆராய்வது 92521, ஒலிகளை உச்சரிக்கும் திறனை மட்டும் ஆராய்வது 92522, உச்சரிப்போடு மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் வெளிப்படுத்தும் திறனையும் சேர்த்து ஆராய்வது 92523, குரலை ஆராய்வது 92524. உணவை மென்று விழுங்குவதில் சிக்கல் உள்ள குழந்தைக்குத் தரும் சிகிச்சை 92526 என்ற வேறு எண்ணில் போகும்.

இவற்றுள் 92507 பற்றிப் பெற்றோர் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: அது நேரக் கணக்கில்லாத எண். அமர்வு அரை மணி நேரமானாலும் ஒரு மணி நேரமானாலும் அன்றைக்கு ஒரு முறைதான் அதைப் பில் செய்ய முடியும். ஆகவே இரண்டு நிலையங்களை ஒப்பிடும்போது, ஒரு வருகைக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், வருகை எத்தனை நிமிடம் என்றும் கேட்க வேண்டும். காப்பீடு ஆண்டுக்கு இத்தனை வருகைகள்தான் என்று வரையறுத்திருந்தால் இந்தக் கேள்வியின் எடை இரண்டு மடங்காகிறது. அரை மணி நேர அமர்வும் ஒரு வருகை, முழு மணி நேர அமர்வும் ஒரு வருகை. இதை யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை.

எதற்காக என்ற இரண்டாவது கேள்விக்கு விடை, நோயைக் குறிக்கும் ஐ.சி.டி. குறியீடு. 2015 அக்டோபர் 1 முதல் இங்கே ஐ.சி.டி.-10-சி.எம். நடைமுறையில் உள்ளது. எஃப்80.0 என்றால் உச்சரிப்பு சார்ந்த கோளாறு; எஃப்80.1 என்றால் புரிந்துகொண்டாலும் வெளிப்படுத்துவதில் குறை, எஃப்80.2 என்றால் புரிதல், வெளிப்பாடு இரண்டிலும் குறை, எஃப்80.81 சிறுவயதில் தொடங்கும் திக்குவாய், எஃப்84.0 ஆட்டிசம். செவித்திறன் குறைவால் பேச்சு தாமதமானால் அதற்கென்று எஃப்80.4 தனியாக உள்ளது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்த பெரியவருக்கு வேறொரு வரிசையிலிருந்து ஐ69.320 போன்ற எண் வரும். அவருக்குத் தரப்படும் சிகிச்சையும் அதே 92507தான். ஐ.சி.டி. ஒவ்வோர் அக்டோபரிலும், சி.பி.டி. ஒவ்வொரு ஜனவரியிலும் திருத்தம் பெறுகின்றன என்பதால், நண்பர் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்த பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே சிகிச்சை எண் ஒரு பிள்ளைக்கு ஏற்கப்பட்டு, இன்னொரு பிள்ளைக்கு மறுக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது குறியீடுதான். காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில், வளர்ச்சித் தாமதத்துக்கான பேச்சுச் சிகிச்சை விலக்கப்பட்டுள்ளது என்றோ, இழந்த பேச்சை மீட்பதற்கான சிகிச்சை மட்டுமே தரப்படும் என்றோ ஒரு வரி இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை இதுவரை பெற்றிராத பேச்சை எங்கிருந்து இழக்க முடியும் என்று கேட்காதீர்கள். அந்த வரியை எழுதியவர்களுக்கு அது தெரியும். பிள்ளையின் அறிக்கையில் எஃப்80.9 என்ற பொதுவான, வகை குறிப்பிடாத குறியீடு மட்டும் இருந்தால், அந்த வரி அதன்மீது எளிதாக விழும். அதே பிள்ளைக்கு அடிக்கடி காதில் நீர் கோத்துச் செவித்திறன் குறைந்ததாகக் காது மருத்துவரின் பதிவு இருந்தாலோ, பிளவுபட்ட அண்ணத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலோ, அந்த மருத்துவக் காரணமும் க்ளெய்மில் குறியீடாக ஏற வேண்டும். குழந்தை மருத்துவரின் கோப்பில் இருக்கும் இச்செய்தி தெரபி நிலையத்தின் கோப்புக்கு வராமலேயே போவது மிக இயல்பாக நடக்கிறது. இரண்டு கோப்புகளையும் அறிந்தவர் பெற்றோர் ஒருவரே.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் குறியீட்டுக்குப் பணம் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, அதைப் போட்டுத் தரும்படி தெரபிஸ்டைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லாத நோயை எழுதுவது மோசடி; அது தெரபிஸ்டின் உரிமத்தைப் பறிக்கும், பிள்ளையின் மருத்துவ வரலாற்றிலும் நிற்கும். இருக்கிற நோயை முழுமையாக எழுதச் சொல்வது உரிமை. சங்கங்கள் உதவி மையம் அமைத்தால், முதல் நாளே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இனி, நம் மக்களுக்கு மிகவும் புதிதாக இருக்கும் ஒரு செய்திக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பத்திலும் வங்கிகளிலும் வேலை செய்யும் நம்மவர்களில் பெரும் பகுதியினருக்கு, கையிலிருக்கும் அட்டையில் புகழ்பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பணம் அந்த நிறுவனத்திலிருந்து வருவதில்லை. பெரிய நிறுவனங்கள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தம் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் வேலையை மட்டும் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றன. செல்ஃப் ஃபண்டட் என்று இத்தகைய திட்டத்தைச் சொல்வார்கள். எதற்குப் பணம் தருவது, எதை விலக்குவது, வருகைக்கு எவ்வளவு உச்சவரம்பு என்பனவற்றைத் தேர்ந்தெடுப்பது வேலை தரும் நிறுவனம். வளர்ச்சித் தாமதத்தை விலக்கும் வரியை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டதும் அதுவே. அதை அறியாமல் காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி ஊழியரிடம் மாதக்கணக்கில் வாதாடுவது, வாடகை வீட்டின் ஒழுகும் கூரைக்காக வாசல் காவலாளியிடம் சண்டைபோடுவதைப் போன்றது.

இந்த வேறுபாடு சட்டத்திலும் பெரிது. நியூ ஜெர்சி மாநிலம் 2009இல் இயற்றிய சட்டம், ஆட்டிசமோ வேறு வளர்ச்சிக் குறைபாடோ முதன்மை நோயாகக் கண்டறியப்பட்டவருக்கு மருத்துவத் தேவையுள்ள பேச்சுச் சிகிச்சையைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்றும், இழந்ததை மீட்பதாக அச்சிகிச்சை இல்லை என்ற காரணத்தால் மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மிக நல்ல சட்டம். ஆனால் ஊழியர் பலன் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் எரிசா என்னும் கூட்டரசுச் சட்டத்தின்கீழ் வரும் செல்ஃப் ஃபண்டட் திட்டங்களை மாநிலத்தின் இத்தகைய சட்டங்கள் கட்டுப்படுத்துவதில்லை. ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்களில், சிறிய நிறுவனத்தில் வேலை செய்பவரின் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைத்து, பெரிய நிறுவனத்தில் அதிகச் சம்பளம் வாங்குபவரின் பிள்ளைக்கு மறுக்கப்படுவதன் காரணம் இதுதான். ஒபாமா கேர் என்று நாம் சொல்லும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலையும் ஏறத்தாழ அப்படியே. இழந்த திறனை மீட்கும் ரிஹாபிலிடேட்டிவ் சிகிச்சையோடு, இதுவரை பெறாத திறனை உருவாக்கும் ஹாபிலிடேட்டிவ் சிகிச்சையையும் அது பத்து அடிப்படைப் பலன்களுக்குள் சேர்த்தது. இரண்டுக்கும் ஒரே கூட்டு வரம்பை வைக்கக் கூடாது என்ற விதியும் 2017இல் நடைமுறைக்கு வந்தது. இக்கட்டாயம் தனிநபர் திட்டங்களுக்கும் சிறு நிறுவனங்கள் விலைக்கு வாங்கும் குழுத் திட்டங்களுக்கும்தான். க்ளெய்மில் சிகிச்சை எண்ணோடு ஒட்டும் 96 என்ற துணைக்குறி ஹாபிலிடேட்டிவ் என்பதையும், 97 ரிஹாபிலிடேட்டிவ் என்பதையும் குறிக்கும். 2018 முதல் இவை உள்ளன. தவறான துணைக்குறி ஒட்டப்பட்டதால், பயன்படுத்தப்படாத வரம்பு ஒன்று அப்படியே இருக்க, மற்றொன்று தீர்ந்துபோனதாக மறுப்பு வருவதை என் மேசையில் கண்டிருக்கிறேன்.

பெரிய நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டின் மனநலச் சமத்துவச் சட்டம், ஒரு திட்டம் மனநலப் பலன்களைத் தருமானால், அவற்றுக்கு வைக்கும் வருகை வரம்பு, அதே பிரிவில் உடல்நலப் பலன்களுக்குப் பரவலாக வைக்கப்படும் வரம்பைவிடக் கடுமையாக இருக்கக் கூடாது என்கிறது. ஆட்டிசத்தை மனநலப் பிரிவில் வைத்துப் பார்க்கும்போது, ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சுச் சிகிச்சைக்கு மட்டும் ஆண்டுக்கு இத்தனை வருகை என்று வெட்டுவது இச்சட்டத்தோடு மோதக்கூடும். மேல்முறையீட்டுக் கடிதத்தில் இச்சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, இந்த வரம்பு எந்த ஒப்பீட்டின் அடிப்படையில் வைக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உள்ளது.

மறுப்பு வந்தால் அதைப் படிப்பது எப்படி? எதற்கு எவ்வளவு தரப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்று விளக்கி வீட்டுக்கு வரும் ஈ.ஓ.பி. தாளில் நிறுவனம் தன் சொந்தக் குறிப்பு எண்களை அச்சிட்டிருக்கலாம். நிலையத்துக்கு மின்னணு வடிவில் வரும் விவரத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான காரணக் குறியீடு இருக்கும். அதைப் பில்லிங் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் சி.ஓ. என்ற இரண்டெழுத்து இருந்தால், ஒப்பந்தப்படி அந்தத் தொகையை நிலையமே விட்டுக்கொடுக்க வேண்டும், நோயாளியிடம் கேட்கக் கூடாது என்று பொருள். பி.ஆர். என்று இருந்தால் அது நோயாளியின் பொறுப்பு. பி.ஆர்.-1 டிடக்டபிள் (காப்பீடு தரத் தொடங்குமுன் குடும்பம் கட்ட வேண்டிய ஆண்டுத் தொகை), பி.ஆர்.-2 கோ-இன்ஷூரன்ஸ் (செலவில் குடும்பத்தின் விழுக்காட்டுப் பங்கு), பி.ஆர்.-3 கோ-பே (வருகைக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை). சி.ஓ.-45 என்பது நிலையம் கேட்ட விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள இடைவெளி, மறுப்பே அன்று. சி.ஓ.-197 என்றால் முன் அனுமதி வாங்கப்படவில்லை. நெட்வொர்க்கில் உள்ள, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள நிலையம் அனுமதி வாங்க மறந்ததற்கான செலவைக் குடும்பத்தின் தலையில் கட்ட முடியாது, ஆனாலும் பில் வரும், நம்மவர்கள் கடன் மதிப்பெண் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் உடனே கட்டிவிடுவார்கள். 11 என்ற எண், நோய்க் குறியீடும் சிகிச்சை எண்ணும் பொருந்தவில்லை என்கிறது. 16, ஏதோ ஒரு விவரம் விடுபட்டது என்கிறது. இந்த இரண்டுக்கும் மேல்முறையீடு தேவையில்லை. நிலையம் திருத்திய க்ளெய்மை அனுப்பினாலே பெரும்பாலும் போதும். 50 என்றால் மருத்துவத் தேவை இல்லை என்பது நிறுவனத்தின் கருத்து; 119 என்றால் உச்சவரம்பு முடிந்தது; 96 என்றால் (முன்பு சொன்ன துணைக்குறி வேறு, இந்த மறுப்பு எண் வேறு) திட்டத்திலேயே இல்லாத சேவை. மூன்றும் மூன்று வேறு சண்டைகள். ஐம்பதுக்கு மருத்துவ ஆவணத்தால் பதில் சொல்ல வேண்டும், 119க்குச் சட்டத்தாலும் துணைக்குறிகளாலும் பதில் சொல்ல வேண்டும், தொண்ணூற்றாறுக்குத் திட்ட ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தரும் நிறுவனத்திடம் போக வேண்டும். என் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, தயவுசெய்து உதவுங்கள் என்று உருக்கமாக எழுதப்படும் ஒரே கடிதம் மூன்றுக்கும் அனுப்பப்படுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கடிதத்தின் துயரம் உண்மையானது. அதைப் படிப்பவரின் முன்னால் இருக்கும் கட்டங்களில் துயரத்துக்கென்று கட்டம் இல்லை.

மேல்முறையீட்டுக்கு மறுப்பு கிடைத்த நாளிலிருந்து 180 நாட்கள் அவகாசம் உண்டு. மறுப்பில் பயன்பட்ட நோய்க் குறியீடும் சிகிச்சைக் குறியீடும் என்ன, அவற்றின் பொருள் என்ன என்று கேட்டால் நிறுவனம் சொல்லியாக வேண்டும். முடிவுக்கு அடிப்படையான கோப்பையும் மருத்துவ அளவுகோலையும் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். முதலில் மறுத்தவரோ அவருக்குக் கீழே வேலை செய்பவரோ மேல்முறையீட்டை முடிவுசெய்யக் கூடாது. அதிலும் தோற்றால், மருத்துவ மதிப்பீடு சார்ந்த மறுப்புகளை நிறுவனத்துக்கு வெளியே உள்ள சுதந்திரமான அமைப்பிடம் நான்கு மாதத்துக்குள் கொண்டுபோகலாம். பொதுவாக 45 நாட்களுக்குள் முடிவு வரும், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய எஸ்.பி.டி. எனப்படும் முழு ஆவணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். 30 நாட்களுக்குள் தராத நிர்வாகிமீது நாளொன்றுக்கு 110 டாலர் வரை தண்டம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், தொலைபேசியில் கிடைக்காத ஆவணம் கடிதத்துக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த அறிவிப்புகளை வேறு மொழியில் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு கவுண்டியில் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற பகுதி) குறைந்தது 10 விழுக்காட்டினர் அந்த ஒரு மொழியை மட்டுமே எழுதப் படிக்க அறிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ் எந்தக் கவுண்டியிலும் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. அரசு தமிழில் தராததைச் சங்கம்தான் தர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு தனி வேண்டுகோள் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து எழுதப்படும் அறிக்கை, இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது. ஆங்கிலம் போதிய அளவு கேட்காத, மற்றபடி குறையேதும் இல்லாத பிள்ளைக்குக் கோளாறு என்று பெயர் சூட்டப்படலாம்; உண்மையிலேயே கோளாறு உள்ள பிள்ளையின் க்ளெய்ம், இது இரண்டாம் மொழி கற்கும் தாமதம், சிகிச்சைக்குரியதன்று என்று மறுக்கப்படலாம். தமிழில் ஒலிப்புடைய ஒலிக்கும் ஒலிப்பில்லா ஒலிக்கும் தனித்தனி எழுத்து இல்லை. பம்பரத்தின் முதல் ஒலியும் இரண்டாம் பகரமும் வேறுவேறாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசும் பிள்ளையின் ஒலி மாற்றத்தைப் பிழையென்று எண்ணிவிடும் சோதனை, 92522 என்ற எண்ணின்கீழ் ஒரு தவறான மதிப்பெண்ணைத் தந்துவிடும். மொழிக் கோளாறு என்றால் அது பிள்ளையின் இரண்டு மொழிகளிலும் தென்பட வேண்டும். தமிழிலும் அக்குறை இருக்கிறதா என்று தெரபிஸ்டின் அறிக்கை வெளிப்படையாகச் சொன்னால், மறுப்பின் அந்தக் காரணம் நிற்காது. தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைப்பது அரிது. வாரந்தோறும் அப்பிள்ளையின் தமிழைக் கேட்பவர் நீங்கள். சொற்றொடரில் எத்தனை சொல் வருகிறது, இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் பிடிக்கிறதா, எந்த ஒலி விடுபடுகிறது, தன் வயதுத் தோழர்களோடு எப்படிப் பேசுகிறது என்று நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால், தெரபிஸ்ட் அதைத் தன் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள முடியும். பாடப்புத்தகத்தின் எழுத்துத் தமிழ் புரியவில்லை என்பதை மட்டும் குறையாக எழுதிவிடாதீர்கள். அது நம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள இடர். பேச்சு தாமதமாகும் பிள்ளையின் பெற்றோரிடம் வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று எவரும் அறிவுரை சொன்னால், தயவுசெய்து அதை மறுத்துப் பேசுங்கள். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காப்பீட்டுக்கு முன்பே தட்ட வேண்டிய கதவு ஒன்று உள்ளது. குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. என்னும் கூட்டரசுச் சட்டத்தின் பார்ட் சி பிரிவின்கீழ் ஒவ்வொரு மாநிலமும் நடத்தும் இளம்பருவத் தலையீட்டுத் திட்டத்தில் மதிப்பீடு இலவசம். பரிந்துரை சென்ற 45 நாட்களுக்குள் மதிப்பீடும் முதல் திட்டக் கூட்டமும் நடந்தாக வேண்டும். இயலும் இடத்தில் பிள்ளையின் தாய்மொழியிலேயே மதிப்பிட வேண்டும் என்பதும் விதி. பெற்றோரே நேரடியாக அழைத்துப் பதிவு செய்யலாம். தாத்தாவும் சித்தப்பாவும் ஐந்து வயது வரை பேசவில்லை, நம் குடும்பத்தில் இது வழக்கம் என்று காத்திருந்து, மூன்று வயது முடிந்த மறு மாதம் வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மூன்று வயதுக்குப் பிறகு பள்ளி மாவட்டம் பொறுப்பேற்கும். பள்ளி தரும் சிகிச்சை கல்வித் தேவைக்கானது, காப்பீடு தருவது மருத்துவத் தேவைக்கானது. ஒன்று கிடைப்பதால் மற்றொன்று இல்லையென்று ஆகிவிடாது.

மூத்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெறும் நம் பெரியவர்களுக்குப் பக்கவாதத்துக்குப் பின் பேச்சுச் சிகிச்சை நடக்கும்போது, இனி முன்னேற்றம் இல்லை, ஆகவே நிறுத்துகிறோம் என்று சொல்லப்படுவதுண்டு. ஜிம்மோ என்ற வழக்கில் 2013இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகு, பயிற்சி பெற்றவரின் திறன் தேவைப்படும் சிகிச்சையை, நிலை மேலும் மோசமாகாமல் காப்பதற்காகவும் தொடரலாம் என்பது தெளிவாக்கப்பட்டுள்ளது. ஆண்டு உச்சவரம்பும் 2018இல் நீக்கப்பட்டது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் கே.எக்ஸ். என்ற துணைக்குறியோடு, தேவை ஆவணப்படுத்தப்பட வேண்டும், அவ்வளவே.

சங்கங்களிடம் நான் கேட்பவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. நிறுவனங்களில் அடுத்த ஆண்டுக்கான காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருகிறது. நம்மவர்கள் மாதச் சந்தாவை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, எஸ்.பி.சி. என்ற சுருக்கத் தாளில் ரிஹாபிலிடேஷன், ஹாபிலிடேஷன் என்ற இரண்டு வரிகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமலேயே தேர்ந்துவிடுகிறார்கள். தீபாவளி விழாவுக்கான கூட்டங்கள் தொடங்கும் அதே வாரங்களில், ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். மெடிக்கல் பில்லிங், கோடிங் தெரிந்தவர்கள் உங்கள் உறுப்பினர் பட்டியலிலேயே இருப்பார்கள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து வேலையில்லாமல் இருக்கும், முன்பு சென்னையில் இதே தொழிலைச் செய்த பெண்களை நானே பல ஊர்களில் சந்தித்திருக்கிறேன். தொண்டாகச் செய்வதில் விசா விதிகள் எங்கே குறுக்கிடும் என்பதை மட்டும் ஒரு வழக்குரைஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற குடும்பத்தின் ஆவணங்களை நகலெடுக்கவோ வாட்ஸ்அப் குழுவில் போடவோ கூடாது. உதவியாளர் அருகிலிருந்து படித்துக் காட்டுவதோடு சரி. பிள்ளைக்கு ஆட்டிசம் என்பது ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கும்வரை எந்த மையத்துக்கும் யாரும் வரமாட்டார்கள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை.

இரண்டாவது வேண்டுகோள் நிறுவனங்களை நோக்கியது. ஒரு தாய் தனியாக மனிதவளத் துறைக்கு எழுதினால், அவர் தன் வேலையைப் பற்றியும் விசாவைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டே எழுதுகிறார். அதே கோரிக்கையைச் சங்கம் பொதுவாக எழுதினால், எந்த ஊழியரின் பெயரும் வெளிவராது. வளர்ச்சித் தாமதத்துக்கான பேச்சுச் சிகிச்சையை விலக்கும் வரியை நீக்குங்கள், ஹாபிலிடேட்டிவ் சிகிச்சைக்குத் தனி வரம்பு தாருங்கள் என்ற இரண்டே கோரிக்கைகள் போதும். ஜனவரியில் தொடங்கும் திட்டத்தின் வடிவம் அதற்கு முந்தைய கோடைக்குள் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அக்டோபரில் அனுப்பும் கடிதம் அந்த ஆண்டுக்குப் பயன்படாது. பொங்கல் விழா முடிந்த கையோடு அனுப்பினால் பலன் உண்டு. நம்மவர்கள் பெருமளவில் வேலை செய்யும் நிறுவனங்களில் தெற்காசிய ஊழியர் குழுக்கள் இருக்கின்றன. தெலுங்கு, குஜராத்திச் சங்கங்களுக்கும் இதே துன்பம்தான். சேர்ந்து கையெழுத்திடுவதில் நமக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

இம்மடலில் சொன்ன சிகிச்சை எண்கள், நோய்க் குறியீடுகள், மறுப்புக் குறியீடுகள், காலக்கெடு ஆகியவற்றை எளிய தமிழில் இரண்டு பக்கத் தாளாக வரைந்து வைத்திருக்கிறேன். சி.பி.டி. விளக்கங்களைப் பதிப்புரிமை கருதி என் சொற்களிலேயே எழுதியிருக்கிறேன். உரிமம் பெற்ற பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரும், ஊழியர் பலன் சட்டம் அறிந்த வழக்குரைஞர் ஒருவரும் அதைப் பார்த்துத் திருத்திய பிறகு, எந்தச் சங்கமும் தன் பெயரில் அச்சிட்டுக்கொள்ளலாம். என் பெயர் அதில் வேண்டியதில்லை. அவ்விருவரையும் கண்டறிந்து தருவதைத்தான் உங்களிடம் முதல் உதவியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியில் தெரபி நிலையம் ஒன்றின் பில்லிங் ஊழியர்